நேர்ச்சையும் கையளிப்பும்: திண்டுக்கல் முத்தழகுப்பட்டிப் புனித செபஸ்தியார் வழிபாட்டை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

வாழ்விலும் சாவிலும் தன்னை இறைவனிடம் கையளித்தல் கிறித்தவ நம்பிக்கையின் மையக் கருத்தாகும். அந்நம்பிக்கையை உடைய மக்களே நோய் நீங்கவும் உயிர் பிழைக்கவும் நேர்ந்துகொள்கின்றனர். முழுமையாகக் கையளித்தவர் ஏன் வேண்டவேண்டும், வேண்டியது கிட்டாதபோது அவர்தம் நம்பிக்கை என்னவாகும் என்னும் வினாக்கள் இங்கு எழுகின்றன. திண்டுக்கல் முத்தழகுப்பட்டியில் நிகழும் புனித செபஸ்தியார் வழிபாட்டை அடிப்படையாகக் கொண்டு, நேர்ச்சைக்கும் கையளிப்புக்கும் இடையிலான உறவை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: நேர்ச்சை, நேர்த்திக்கடன், கையளிப்பு, செபஸ்தியார், முத்தழகுப்பட்டி, நன்மரணம்.

முன்னுரை

திண்டுக்கல் நகரும் அதனைச் சூழ்ந்த சமவெளியும் நீண்ட கிறித்தவ மரபுடையவை. கத்தோலிக்கத் திருச்சபையில் திருச்சிராப்பள்ளி மறைமாவட்டத்திலிருந்து பிரிந்து 2003ஆம் ஆண்டு திண்டுக்கல் தனி மறைமாவட்டமானது. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க மதுரை மிஷன் இந்நகரில் பணியாற்றியதால் சீர்திருத்த சபை மரபும் இங்கு வேரூன்றியது. இவ்விரு மரபுகளும் இறைவனிடம் தன்னை ஒப்படைத்தலை உயர்ந்த நிலையாகக் கருதுகின்றன. ஆனால், புனிதரிடம் பரிந்துரை வேண்டி நேர்ந்துகொள்வதில் அவை வேறுபடுகின்றன. கத்தோலிக்கர் அதனை ஏற்கின்றனர். சீர்திருத்த சபையார் ஏற்பதில்லை. எனவே நேர்ச்சை என்பது உண்மையில் கையளிப்பா, பேரமா என்னும் வினா இம்மண்ணின் கிறித்தவர்க்குப் புதியதன்று.

கையளித்தலைக் குறிக்கும் சொற்கள்

லூக்கா நற்செய்தி 23:46இல் இயேசு சிலுவையில் இறக்குமுன் தம்மைத் தந்தையின் கைகளில் ஒப்படைக்கிறார். பழைய மொழிபெயர்ப்பு இவ்விடத்தில் 'ஒப்புவித்தல்' என்னும் வினையையும் 'ஆவி' என்னும் பெயரையும் ஆள்கிறது. 1995ஆம் ஆண்டு வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு 'ஒப்படைத்தல்', 'உயிர்' என்னும் சொற்களை ஆள்கிறது. தமிழில் ஒரு பொருளை ஒப்படைப்பவர், அது பேணப்படும் என்று நம்பியே பிறர் கையில் தருகிறார். எறிதல், இழத்தல், துறத்தல் ஆகிய சொற்களில் இப்பொருள் இல்லை. ஆகவே கிறித்தவக் கையளிப்பு உயிரை வெறுத்து விடுவதன்று. அருமையானது என்பதாலேயே உயிரை நம்பத்தக்க கையில் தருவதாகும்.

லூக்கா காட்டும் சொற்கள் திருப்பாடல் 31இலிருந்து வந்தவை. மத்தேயுவும் மாற்குவும் அதே சிலுவைக்காட்சியில் திருப்பாடல் 22இன் தொடக்கத்தை இயேசுவின் வாயில் வைக்கின்றனர். அது கைவிடப்பட்டவரின் முறையீடு. கெத்சமனித் தோட்டத்தில் இயேசு துன்பக் கிண்ணத்தை அகற்றுமாறு முதலில் வேண்டுகிறார். அதன்பின்னரே தந்தையின் விருப்பத்துக்குத் தம்மை விடுகிறார் (மாற்கு 14:36). வேண்டுதலும் முறையீடும் கையளிப்புக்குத் தடைகள் அல்ல என்பதற்கு நற்செய்திகளே சான்று. வேண்டாதவரே முழுமையாகக் கையளித்தவர் என்னும் கருத்துக்கு இவற்றில் இடமில்லை.

செபஸ்தியார்: ஒருமுறை பிழைத்தவர், மறுமுறை இறந்தவர்

உரோமைத் திருச்சபையில் செபஸ்தியார் பெயர் 4ஆம் நூற்றாண்டின் மறைச்சாட்சியர் பட்டியலிலேயே இடம்பெறுகிறது. அவர் மிலான் நகரத்தார் என்றும் உரோமையில் உயிர்நீத்தார் என்றும் புனித அம்புரோசு குறிக்கிறார். விரிவான வாழ்க்கைக்கதை 5ஆம் நூற்றாண்டில் தோன்றிய இலத்தீன் நூல்வழிப் பரவியது. அதனை மரபாக ஏற்கலாமேயன்றி ஒவ்வொரு செய்தியையும் வரலாறாகக் கொள்ள இயலாது. எனினும் மக்கள் வழிபாட்டை உருவாக்கியது அக்கதையே.

அக்கதையின்படி செபஸ்தியார் பேரரசர் தியோக்கிளேசியனின் காவற்படையில் பணியாற்றியவர். கிறித்தவர் என்று தெரிந்ததும் அவரைக் கம்பத்தில் கட்டி அம்புகளால் எய்தனர். இறந்துவிட்டார் என்று கருதி வீரர்கள் அகன்றபின், அடக்கம் செய்ய வந்த ஐரீன் என்னும் கைம்பெண் அவரிடம் உயிர் இருப்பதைக் கண்டு, தம் இல்லத்தில் வைத்துப் பேணி நலமாக்கினார். நலமடைந்த செபஸ்தியார் தப்பிச் செல்லாமல் பேரரசர் வரும் வழியில் நின்று, கிறித்தவர்க்கு இழைக்கப்படும் கொடுமையைக் கண்டித்தார். இம்முறை தடியால் அடித்துக் கொல்லப்பட்டார்.

சிற்பங்களிலும் சுரூபங்களிலும் அம்பு தைத்த கோலமே காணப்படுகிறது. அது அவர் இறந்த காட்சியன்று; பிழைத்த காட்சி. ஆபத்தில் இருப்போர் அவரை நாடுவதற்கு இதுவே காரணமாகலாம். ஆனால், கதை அங்கு முடிவதில்லை. முதன்முறை காக்கப்பட்டவர் இரண்டாம் முறை காக்கப்படவில்லை. மீண்டும் கிடைத்த உயிரை அவர் தமக்கென வைத்துக்கொள்ளவும் இல்லை. உயிர்பிழைக்க வேண்டும் மக்கள், உயிரைக் கொடுத்துவிட்ட ஒருவரிடமே பரிந்துரை வேண்டுகின்றனர் என்பது இவ்வழிபாட்டின் உட்பொருளைத் திறக்கும் திறவுகோலாகும்.

அம்பும் கொள்ளைநோயும்

அம்பு தைத்தவர் கொள்ளைநோய்க் காவலரானதற்குப் பழைய உருவகம் ஒன்று துணைநின்றது. கண்ணுக்குப் புலப்படாமல் வந்து தைக்கும் நோயை அம்பாகக் காணும் வழக்கம் பல பண்பாடுகளில் உண்டு. ஓமரின் இலியத்தில் அப்பொல்லோ எய்யும் அம்புகளே கிரேக்கப் பாசறையில் கொள்ளைநோயாகின்றன. திருப்பாடல் 91 பகலில் பறக்கும் அம்பையும் இருளில் உலவும் கொள்ளைநோயையும் அடுத்தடுத்து வைக்கிறது. 680ஆம் ஆண்டு வட இத்தாலியின் பாவியா நகரைக் கொள்ளைநோய் தாக்கியபோது, செபஸ்தியாருக்குப் பீடம் எழுப்பியபின் நோய் தணிந்தது என்று பவுல் தியாக்கன் எழுதிய இலங்கோபார்டியர் வரலாறு கூறுகிறது.

தமிழகத்தில் பெரியம்மையும் வாந்திபேதியும் ஊர்களை வெறுமையாக்கிய காலம் நெடியது. நோய்க்கே 'அம்மை' என்று பெயரிட்டு, அதனைத் தாய்த்தெய்வத்தின் வருகையாகக் கொண்ட மண் இது. இத்தகைய சூழலில் வாழ்ந்த கிறித்தவர்க்கு நோயின் நடுவே பெயர்சொல்லி அழைக்க ஒரு துணை தேவைப்பட்டது. செபஸ்தியார் வழிபாடு தமிழ் ஊர்களில் இயல்பாகப் பொருந்தியதை இப்பின்னணியில் புரிந்துகொள்ளலாம். பெரியம்மை ஒழிந்ததாக உலக நலவாழ்வு நிறுவனம் 1980இல் அறிவித்தது. ஆனால், வழிபாடு மறையவில்லை. நோய் மாறினும் சாவின் முன் மனிதர் உணரும் இயலாமை மாறாமையே காரணம் எனலாம்.

முத்தழகுப்பட்டியில் நேர்ச்சை

உலகத் திருச்சபை சனவரி 20ஆம் நாளைச் செபஸ்தியார் திருநாளாகக் கொண்டாடுகிறது. முத்தழகுப்பட்டியில் ஆண்டுப் பெருவிழா ஆகஸ்டு மாதத்தில் நிகழ்கிறது. நேர்ந்துகொண்டோர் ஆடு, கோழி, அரிசி, தக்காளி, வெங்காயம், கத்தரிக்காய் முதலியவற்றைக் கொண்டுவந்து ஒப்படைக்கின்றனர். அவை இரவு முழுவதும் பெரிய பாத்திரங்களில் சமைக்கப்பட்டு, வருவோர் அனைவருக்கும் சமய வேறுபாடின்றிப் பரிமாறப்படுகின்றன.

இங்கு இரு செய்திகள் கருதத்தக்கவை. முதலாவது, கொண்டுவரப்படும் ஆடு பலிப்பொருள் அன்று. கிறித்துவின் பலி ஒரே முறை நிகழ்ந்து நிறைவுற்றது என்பது எபிரேயர் திருமுகத்தின் போதனை. அதன்பின் விலங்குப்பலிக்குக் கிறித்தவத்தில் இடமில்லை. எனவே காணிக்கையாக வரும் ஆடு உணவாகவே முடிகிறது. இரண்டாவது, ஒருவர் தந்த அரிசியும் மற்றவர் தந்த இறைச்சியும் ஒரே பாத்திரத்தில் கலந்தபின், யார் எதற்காகத் தந்தார் என்று பிரித்தறிய இயலாது. பிள்ளை பிழைத்ததற்காகத் தந்தவரும் வேறு நன்மைக்காகத் தந்தவரும் அப்பந்தியில் ஒன்றாகின்றனர். பெறுபவரோ முன்பின் அறியாதவர். தனிமனிதரின் வேண்டுதல் ஊராரின் பசியாற்றும் சோறாக மாறுகிறது.

நேர்த்திக்கடன்: கடனா, கடமையா?

நேர்ச்சையைக் குறிக்கத் தமிழில் 'நேர்த்திக்கடன்' என்னும் சொல்லும், பழைய விவிலிய மொழிபெயர்ப்பில் 'பொருத்தனை' என்னும் சொல்லும் வழங்குகின்றன. 'கடன்' என்றதும் கொடுக்கல் வாங்கல் நினைவுக்கு வருவது இக்கால வழக்கு. ஆயின் கடமை என்பது இச்சொல்லின் பழம்பொருள்களுள் ஒன்று. தாய், தந்தை, கொல்லன், வேந்தன், மகன் ஆகியோருக்குரிய செயல்களை வரிசைப்படுத்தும் புறநானூறு 312ஆம் பாடல் இச்சொல்லை அப்பொருளிலேயே ஆள்கிறது. நேர்த்திக்கடனை இப்பொருளில் கொண்டால், அது பெற்றதற்கு ஈடாகச் செலுத்தும் விலையாகாது. வாக்குத் தந்தவர் தம் சொல்லுக்கு உண்மையாய் நிற்கும் கடமையாகும்.

கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1191ஆம் விதியும் இதற்கு இயைந்தது. நேர்ச்சை என்பது கடவுளுக்கு அறிவோடும் விடுதலையோடும் தரப்படும் வாக்குறுதி. அது இயலக்கூடியதும் மேலானதுமான நன்மை பற்றியதாக இருத்தல்வேண்டும் என்று அவ்விதி வரையறுக்கிறது. வாக்குறுதி கடவுளுக்கே உரியது. புனிதர் பரிந்து பேசுபவர் மட்டுமே. இவ்வரையறையை மறந்து, 'இவ்வளவு தருகிறேன், இதைச் செய்' என்று நேர்ச்சை சுருங்கும்போது சீர்திருத்த மரபினரின் கண்டனம் பொருளுடையதாகிறது. அக்கண்டனத்தைக் கத்தோலிக்க வழிபாடும் தன்னைத் தூய்மைப்படுத்திக்கொள்ளும் எச்சரிக்கையாகக் கொள்ளலாம்.

வேண்டியது கிட்டாதபோது

நேர்ச்சை பேரமா கையளிப்பா என்பது வேண்டியது கிட்டாதபோதே வெளிப்படும். தானியேல் நூலின் மூன்றாம் அதிகாரம் இதற்கு விவிலிய அளவுகோலைத் தருகிறது. தீச்சூளையின் முன் நிறுத்தப்பட்ட சாத்ராக்கு, மேசாக்கு, ஆபேத்நெகோ ஆகிய மூவரும் தம் கடவுள் தம்மைக் காக்க வல்லவர் என்கின்றனர். காக்காவிடினும் பொற்சிலையை வணங்குவதில்லை என்றும் உடனே சேர்க்கின்றனர். முன்னது வேண்டுதலின் துணிவு. பின்னது கையளிப்பின் துணிவு. பின்னது இல்லையெனில் முன்னது பேரமாகச் சுருங்கும். முன்னது இல்லையெனில் பின்னது எதையும் எதிர்பாராத விரக்தியாகிவிடும்.

நோயுற்ற பிள்ளைக்காக நேர்ந்துகொண்ட தாய் அப்பிள்ளையை இழக்கும்போது, அவள் நம்பிக்கை குறைவுடையது என்று கூறுவது இறையியற்பிழை, கொடுமையும் ஆகும். செபஸ்தியாரின் இரண்டாம் சாவே அக்கூற்றை மறுக்கிறது. காக்கப்படாமை கைவிடப்பட்டமை அன்று என்பதையே மறைச்சாட்சியரின் வழிபாடு முழுவதும் உணர்த்துகிறது.

கையளிப்பு கண்ணீரை விலக்குவதும் இல்லை. வீரமாமுனிவர் இயற்றிய தேம்பாவணியில், கானகத்தில் தாய் எலிசபெத்தை இழந்த கருணையன் என்னும் அருளப்பன் நெஞ்சுருகிப் புலம்புகிறான். உலகத்துயிர்களும் அவனோடு வருந்துவதாகக் கவிஞர் காட்டுகிறார். பின்னாளில் மெசியாவுக்கு முன்னோடியாகும் ஒருவன் அழுவதை நம்பிக்கைக் குறைவாக அக்காப்பியம் கருதவில்லை.

நன்மரணம்

திண்டுக்கல் மறைமாவட்டப் பேராலயம் புனித வளனார் பெயரைத் தாங்கியது. 3615 பாடல்களில் தேம்பாவணி போற்றும் காப்பியத்தலைவரும் அவரே. இயேசுவும் மரியாவும் அருகிருக்க வளனார் உயிர்நீத்தார் என்னும் மரபினால், கத்தோலிக்கர் அவரை நன்மரணத்தின் பாதுகாவலராகக் கொள்கின்றனர். நன்மரணம் என்பது வலியற்ற சாவன்று. நம்பத்தக்கவர் அருகிருக்க நிகழும் சாவு. அம்புகளாலும் தடியாலும் தாக்குண்ட மறைச்சாட்சியும், இல்லத்தில் கண்மூடிய தச்சரும் ஒரே நகரில் போற்றப்படுவது பொருத்தமுடையதே. இருவர் சாவும் வெவ்வேறு வகையின. இருவரும் தம்மை ஒப்படைத்த கை ஒன்றே.

சீர்திருத்த மரபின் ஐடல்பெர்க்கு வினாவிடை (1563) தன் முதல் வினாவிலேயே, வாழ்விலும் சாவிலும் கிறித்தவர் தமக்குரியவர் அல்லர், கிறித்துவுக்கே உரியவர் என்பதை ஆறுதலாக முன்வைக்கிறது. உரோமையர் 14:8இன் கருத்தும் இதுவே. நேர்ச்சையில் வேறுபடும் இரு மரபுகளும் இங்கு இணைகின்றன.

முடிவுரை

நேர்ச்சை தன்னளவில் பேரமும் அன்று, கையளிப்பும் அன்று. நேர்ந்துகொள்பவரின் உள்ளமே அதனை இரண்டில் ஒன்றாக்குகிறது. தமிழ்ச்சொல் வழக்கு, செபஸ்தியாரின் கதை, முத்தழகுப்பட்டியின் பொதுவிருந்து ஆகிய மூன்றும் அவ்வுள்ளத்தைக் கையளிப்பின் பக்கம் நடத்தும் ஆற்றலுடையன. வேண்டுதல் உயிரின் அருமையை அறிவிக்கிறது. கையளிப்பு அவ்வுயிரை யாரிடம் தரலாம் என்பதை அறிவிக்கிறது. பிழைத்த உயிரைப் பிறர்க்கென வாழ்தலும், பிழையாத உயிரை இறைவன் கையில் விடுதலும் ஒரே நம்பிக்கையின் இரு செயல்கள் என்பது இவ்வாய்வால் பெறப்படுகிறது.