மழைக் கணக்கும் வாவிக் கரையும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே கிடப்பது படுவான்கரை; கிழக்கே கடலை ஒட்டிக் கிடப்பது எழுவான்கரை. வடகீழ்ப் பருவக்காற்று மழை கொணரும் காலத்தில் இரு கரையாரும் கேட்பது ஒரே கேள்வி: "இம்முறை மழை எவ்வளவு?" பெரும்போகம் விதைத்தவர்க்கு வயல் மூழ்குமோ என்ற கவலை. தோணிக்காரர்க்கோ, மணற்றிட்டு அடைத்திருக்கும் முகத்துவாரத்தை எப்போது வெட்டிவிடுவார்களோ என்ற கவலை. முந்தி வெட்டினால் நீரோடு இறாலும் கடலுக்குப் போய்விடும் என்பர் மீனவர். பிந்தி வெட்டினால் பயிர் அழுகிவிடும் என்பர் உழவர். இவ்வழக்கில் இரு சாராருக்கும் பொதுவான சாட்சி பழைய மழைக் கணக்கே. ஆனால், கணக்கை வைத்திருப்பது வேறு. அதனைப் படிக்கத் தெரிந்திருப்பது வேறு.

இத்தகைய கணக்குகளைப் படிக்க இன்று உலகெங்கும் பயன்படும் கருவிகளுள் ஒன்று 'ஆர்' என்னும் கணனி மொழி. 1990களின் தொடக்கத்தில் நியூசிலாந்தின் ஓக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் ரொஸ் இஹாகா, ரொபேட் ஜென்டில்மன் என்னும் இருவர் இதனை ஆக்கினர். இருவர் பெயரும் ஆங்கிலத்தில் அவ்வெழுத்திலேயே தொடங்குகின்றன. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் 1976இல் தோன்றிய 'எஸ்' என்னும் மொழியே இதற்கு முன்னோடி. 'ஆர்' மொழியை எவரும் விலையின்றிப் பெறலாம்; ஏழை மாணவனுக்கும் இதன் கதவு திறந்தே இருக்கிறது.

முதற்படி, கணக்கை ஒழுங்காக எழுதுவது. ஆண்டு, மாதம், மழையளவு என மூன்று நிரல்கள் போதும். ஒவ்வொரு மாதத்திற்கும் ஒரு வரி. இவ்வட்டவணையைக் கணனி ஒரே கட்டளையில் வாசித்துக்கொள்ளும்.

அடுத்தது சராசரி. பாடசாலைக் கணிதம் 'இடை' என்று கூறும் இதனைப் பெறுவதற்கான ஆங்கிலக் கட்டளை 'மீன்' என்றே ஒலிக்கும். மீன் பாடும் தேன்நாட்டார்க்கு அது மறக்காது. ஆயினும் இடையை மட்டும் நம்பலாகாது. விளக்கத்திற்காக, ஐந்து ஆண்டுகளின் டிசம்பர் மழை 200, 250, 300, 350, 1,400 மில்லிமீற்றர் என வைத்துக்கொள்வோம். இவற்றின் இடை 500. ஆனால், ஐந்தில் நான்கு ஆண்டுகள் 500ஐ எட்டவேயில்லை! ஒரே வெள்ள ஆண்டு சராசரியை மேலே இழுத்துவிட்டது. எண்களை வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுத்தால், அதுவே 'இடையம்'. இங்கே அது 300. வழக்கமான ஆண்டை அறிய இடையமே நல்ல வழிகாட்டி.

மூன்றாவது, விடுபட்ட எண்கள். ஏட்டில் ஒரு மாதம் பதியப்படவில்லையெனில், அவ்விடத்தில் பூச்சியம் இடுவது பெரும் பிழை. பூச்சியம் என்பது 'மழை பெய்யவில்லை' என்று சொல்வதாகும். வெற்றிடமோ 'அறியோம்' என்று சொல்வது. 'ஆர்' மொழியில் அறியாததைக் குறிக்கத் தனிக்குறி உண்டு. அக்குறி உள்ள நிரலுக்கு இடையைக் கேட்டால், விடையும் 'அறியோம்' என்றே வரும். விடுபட்டதை ஒதுக்கிவிட்டுக் கணக்கிடுமாறு நாம் வெளிப்படையாகச் சொன்ன பின்னரே எண் கிடைக்கும். அறியாமையை மறைக்க விடாத இக்கண்டிப்பு நல்லாசிரியரின் கண்டிப்பை ஒத்தது.

இறுதியாக, வரைபு. மாதந்தோறும் ஒரு சலாகை வரைந்தால் மாரியும் கோடையும் கண்முன்னே நிற்கும். அதனினும் மேலானது பெட்டி வரைபு. பெட்டிக்குள் இருக்கும் கோடு இடையம். பெட்டியின் உயரம் நடுப்பாதி ஆண்டுகளின் வீச்சு. வெகுதூரம் விலகிய ஆண்டுகள் தனிப்புள்ளிகளாக நிற்கும். 2011 ஜனவரிப் பெருவெள்ளத்தைக் கண்டவர்கள் அத்தகைய புள்ளியைப் பிழையென்று அழிக்கமாட்டார்கள். அப்புள்ளிக்குக் கீழே மூழ்கிய வயல்களும் இடம்பெயர்ந்த குடும்பங்களும் இருக்கின்றன. பாலம் அமைப்பவரும் அணைக்கட்டு உயர்த்துபவரும் முதலில் நோக்க வேண்டியது அதனையே. விதைப்புக்கு நாள் பார்ப்பவர் நோக்க வேண்டியது பெட்டியின் நடுக்கோட்டை.

முகத்துவாரத்தை எந்நாளில் வெட்டுவது என்று கணனி தீர்ப்புக் கூறாது. அது கரையார் கூடிப் பேசி முடிக்க வேண்டிய காரியம். ஆனால், ஒருவர் நினைவில் நிற்கும் வெள்ளமும் மற்றவர் நினைவில் நிற்கும் வரட்சியும் ஒரே தாளில் வரையப்பட்டு நடுவே விரிக்கப்படுமானால், அப்பேச்சு உரத்த குரலில் தொடங்க வேண்டியதில்லை.