பந்தயக் காரின் காற்றிறக்கை

ஆடி, ஆவணி மாதங்களில் ஊவாவின் மலைத் தோட்டங்களில் வீசும் வறண்ட காற்று தேயிலைக்குத் தனி மணத்தை அளிக்கின்றது. லயங்களின் கூரைத் தகரத்தையோ பெயர்த்தெறிய முனைகின்றது. கூரையின்மேல் விரைந்து செல்லும் காற்றின் அமுக்கம் குறைய, உள்ளிருக்கும் காற்று தகரத்தை மேலே தள்ளுகின்றது. இதனாலன்றோ கூரைமீது கற்களை ஏற்றி வைக்கின்றனர்! விமானத்தை உயர்த்துவதும் இத்தகைய அமுக்க வேறுபாடே. இறக்கையைத் தலைகீழாகப் பொருத்தினால் அவ்விசை கீழ்நோக்கித் தொழிற்படும். பந்தயக் காரின் சில்லுகளை நிலத்தோடு அழுத்தி, வளைவுகளில் வழுக்காது காப்பதே காற்றிறக்கையின் பணியாகும்.

1956 இல் மிக்கேல் மே என்னும் சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் தமது போர்ஷே காரின்மேல் இறக்கையொன்றைப் பொருத்தினார். ஆயினும் அதனுடன் போட்டியிட அவருக்கு அனுமதி கிட்டவில்லை. 1968 இலேயே போர்முலா வண் கார்களில் இறக்கைகள் பரவலாயின. மறு ஆண்டு மே 4 ஆம் நாள், பார்சிலோனாவில் நடைபெற்ற பந்தயத்தில், லோட்டஸ் கார்கள் இரண்டின் உயர்ந்த இறக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாக முறிந்தன. கிரகாம் ஹில் தப்பினார். ஜொக்கன் றிண்ட் காயமுற்றார். அம்மாதத்திலேயே அவ்வகை உயர்ந்த இறக்கைகள் தடைசெய்யப்பட்டன. தேர்ந்த பொறியியலாளர் செய்தவையே முறிந்தன எனின், வீட்டுப் பட்டறையில் செய்வோர் எத்துணை விழிப்புடன் இருத்தல் வேண்டும்!

பதுளை மாவட்டத்துத் தியத்தலாவையில் பொக்ஸ் ஹில் பந்தயத்தைக் கண்ட இளைஞர் தாமும் ஓர் இறக்கை செய்ய விழைதல் இயல்பே. அவர் முதலிற் செய்யவேண்டுவது கணக்கு. வேகம் இரட்டித்தால் காற்றின் விசை நான்கு மடங்காகும். 1.2 மீற்றர் நீளமும் 25 சதமமீற்றர் அகலமும் கொண்ட நல்லதோர் இறக்கை, மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஏறத்தாழ 4½ கிலோகிராம் பாரமளவே அழுத்தும். 120 கிலோமீற்றர் வேகத்தில் 18 கிலோகிராம் அளவு அழுத்தும். பல தோட்டங்களில் ஒரு முழுப்பேருக்குக் கேட்கப்பட்டுவந்த கொழுந்தின் நிறையும் அதுவே. மலையுச்சியிற் காற்றின் அடர்த்தி கடற்கரையிலும் பத்திலொரு பங்குக்குமேல் குறைவாதலின், கொழும்பிற் கிடைக்கும் அழுத்தம் இங்குக் கிடையாது. ஆகவே, மண் தடத்தில் மெல்லச் செல்லும் காருக்கு இறக்கையாற் பெரும்பயன் இல்லை என்பதும் பெறப்படும்.

ஒட்டுப்பலகையால் விலாக்களை அறுத்து, அவற்றின்மேல் மெல்லிய அலுமினியத் தகட்டை வளைத்துத் தறைதல் எளிய முறையாகும். குறுகிய கம்பளி நூல்களை இறக்கையின் கீழ்ப்பரப்பில் ஒட்டிக் காரை ஓட்டிப் பார்க்க. நூல்கள் நேராகப் படிந்தால் காற்று ஒழுங்காகச் செல்கின்றது. சுழன்று துடித்தால் சாய்வு மிகுந்துவிட்டது என்க.

பொருத்துதலே அனைத்திலும் தலையாயது. பின்னச்சுக்கு அப்பால் நீண்டிருக்கும் இறக்கை, பின்சில்லுகளை அழுத்தும்போதே முன்சில்லுகளைச் சிறிது தூக்கும். அச்சுகளுக்கிடையே 2.4 மீற்றர் இருக்க, இறக்கை 60 சதமமீற்றர் பின்தள்ளி நிற்குமாயின், மேற்கூறிய 18 கிலோகிராம் அழுத்தம் பின்னே 22½ ஆகவும், முன்னே 4½ குறைவாகவும் அமையும். இது மிகின் சுக்கானுக்குக் கார் செவ்வனே பணியாது. மேலும், தாங்கிகளைப் பின்மூடியின் மெல்லிய தகட்டிற் பூட்டாது, வண்டியின் சட்டத்திலேயே பூட்டுதல் வேண்டும். தடத்துக்குக் கொண்டுசெல்லுமுன், கணக்கிட்ட விசையின் மும்மடங்கு நிறையுடைய மணல் மூட்டைகளை இறக்கைமீது ஏற்றிப் பார்த்தல் தகும். நிற்கும் வண்டியிற் காணாத குறையை அதிர்வு காட்டுமாதலால், ஒவ்வோர் ஓட்டத்தின் பின்னும் ஆணிகளையும் சுரைகளையும் சோதித்தல் கடனாகும்.

2024 ஏப்ரல் 21 ஆம் நாள் பொக்ஸ் ஹில்லிற் பந்தயக் காரொன்று தடத்தை விட்டு விலகிப் பார்வையாளரிடையே பாய்ந்தது. ஒரு சிறுமி உட்பட எழுவர் உயிரிழந்தனர். அதனை இறக்கையோடு தொடர்புபடுத்தி ஈண்டுக் கூறினோமல்லோம். தடத்தோரத்தில் நிற்போரின் உயிரும் காரோடு ஓடுகின்றது என்பதையே அந்நாள் உணர்த்திற்று. தளர்ந்த சுரையொன்றால் கழன்று பறக்கும் தகடு, ஓட்டியவனையன்றி அவர்களையே முதலில் அடையக்கூடும். மணல் மூட்டைச் சோதனைக்கு ஒரு மாலைப்பொழுது போதும். அதனைச் செலவிட மனமில்லாதவன் இறக்கையின்றி ஓடுவதே நன்று.