சைக்கிளுக்கு மோட்டார்: கடன் வாங்கலாமா?



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்தில், கீரை வியாபாரம் செய்யும் உறுப்பினர் ஒருவர் 20,000 ரூபாய் உள்கடன் கேட்டார். "சைக்கிள்ல மோட்டார் கிட் மாட்டப் போறேன். பாலம் ஏறுறப்ப மூச்சு வாங்குது. நான் போய்ச் சேர்றதுக்குள்ள மத்தவங்க வித்துட்டுப் போயிடறாங்க" என்றார். உடனே இன்னொருவர், "எனக்கும் எழுதுங்கக்கா, ஷேர் ஆட்டோவுக்கே தினம் 40 ரூபா போகுது" என்றார். ஊக்குநர் எங்களைப் பார்த்தார். எங்களுக்கும் அன்று பதில் தெரியவில்லை. கடையிலும் மெக்கானிக்குகளிடமும் விசாரித்துவிட்டு இதை எழுதுகிறோம்.

பெட்ரோல் எஞ்சின் கிட் வேண்டவே வேண்டாம். எஞ்சின் 25 சி.சி.யைத் தாண்டினால் சட்டப்படி அது மோட்டார் வாகனம். பதிவு, லைசென்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் வேண்டும். விற்பதோ பெரும்பாலும் 49, 80 சி.சி. யார் மீதாவது மோதிவிட்டால் நஷ்டஈடு நம் தலையில்தான் விழும்.

பேட்டரியில் ஓடுவதற்குப் பதிவு தேவையில்லை. ஆனால் மோட்டார் 250 வாட்டுக்குக் கீழ் இருக்க வேண்டும், வேகம் 25 கி.மீ.யைத் தாண்டக் கூடாது, அரசு ஏற்ற சோதனை நிறுவனத்தின் சான்றும் வேண்டும். "அதெல்லாம் யாரும்மா கேக்கப் போறாங்க" என்பார் கடைக்காரர். சான்றின் நகல் தராத கடைக்குக் குழுப் பணம் போக வேண்டாம்.

இனி கணக்குக்கு வருவோம். 36 வோல்ட், 7.5 ஆம்பியர் பேட்டரியை ஒரு முறை சார்ஜ் செய்ய யூனிட்டில் மூன்றில் ஒரு பங்குதான் ஆகும். மாதம் 50 ரூபாய் போதும். பெடலும் மிதித்தால் 20 கி.மீ. ஓடும். சுமையோடு மிதிக்காமல் போனால் 15 கி.மீ. ஓடினாலே அதிகம். இதைக் கேட்டதும் எல்லோருக்கும் சந்தோஷம்தான். ஆனால் லித்தியம் பேட்டரி சுமார் 500 முழு சார்ஜ் வரைதான் நன்றாக உழைக்கும். மாதம் 25 நாள் ஓட்டினால் 20 மாதம். அதாவது 20 மாதத் தவணை முடிகிற அன்றே அடுத்த பேட்டரிக்கு ஏறக்குறைய 8,000 ரூபாய் தேட வேண்டும்! எனவே மாதம் 400 ரூபாயைத் தனியாக எடுத்து வைத்தே ஆக வேண்டும்.

கீரை விற்கும் சகோதரி 9 கி.மீ. போக 50 நிமிடம் ஆகிறது. மோட்டார் இருந்தால் அரை மணி. அந்த இருபது நிமிடத்தில் கூடுதலாக ஒரு தெரு சுற்றினால் 70 ரூபாய் மிஞ்சும் என்கிறார். மாதம் 1,750. பேட்டரிக்கும் கரண்டுக்கும் 450 போனால் 1,300. நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில் 20 மாதம் என்றால் முதல் தவணையே 1,200. மழையில் நான்கு நாள் வியாபாரம் நின்றால் வீட்டுக் காசைத்தான் போட வேண்டும்.

ஆட்டோக் காசை மிச்சம் பிடிக்க நினைத்தவருக்கு மாதம் 1,000 ரூபாய் மிச்சமானாலும், 450 போக 550தான். கிட் விலையை எடுக்கவே மூன்று வருஷம் ஆகிவிடும்.

இன்னொன்று பிரேக். நம் பழைய சைக்கிள்களில் இருப்பது கம்பி பிரேக். மழையில் ரிம் நனைந்தால் வழுக்கும். வேகம் இரண்டு மடங்கானால் நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். அதோடு, முன்சக்கரத்தில் மாட்டும் மோட்டார் தன் அச்சையே திருகும். துருப்பிடித்த ஃபோர்க் விரிந்து சக்கரம் கழன்றுவிடலாம். அச்சைத் திரும்பவிடாமல் பிடிக்கும் இரும்புப் பட்டையைக் கேட்டு வாங்குங்கள். பேட்டரியைப் படுக்கைக்குப் பக்கத்தில் இரவெல்லாம் சார்ஜில் விடாதீர்கள். உப்பினால் ஓரங்கட்டிவிடுங்கள்.

இந்தக் கூட்டத்தில் கீரைக்காரச் சகோதரிக்கு 24 தவணையில் கடன் தரத் தீர்மானம் எழுதினார்கள். பிரேக்கையும் ஃபோர்க்கையும் மாற்றிய ரசீதைக் காட்டிய பிறகுதான் பணம். பேட்டரிக்கான 400 ரூபாயை அவர் மாதாமாதம் குழுவிலேயே கட்டுவார். மற்றவர் மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். காலை 7 மணிக்கு அவர் தெருமுனையில் டவுன் பஸ் வருகிறது. 2021 முதல் அதில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அரை மணி முன்னால் கிளம்ப வேண்டும் என்பதுதான் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.