முதுமையிலும் மங்காத அறிவு

முதுமையைப் பற்றிய பேச்சு மாணவர்களாகிய நமக்கு எதற்கு என்று நீங்கள் எண்ணலாம். இருபது வயதில் எழுபதைப் பற்றி நினைப்பவர் அரியர். ஆயினும், முதுமைக்கு வேண்டிய அறிவுச் சேமிப்பு இளமையிலேயே தொடங்கிவிடுகிறது என்று கருதுவதற்குத் தக்க சான்றுகள் உள்ளன. அவற்றுள் ஒன்றைக் காண்போம்.

டேவிட் சினோடன் என்னும் அறிஞர் 1986ஆம் ஆண்டில் அமெரிக்கக் கன்னித்துறவியரிடையே ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினார். 75 வயதும் அதற்கு மேலும் ஆன 678 துறவியர் அதில் பங்குகொண்டனர். அவர்களுடைய நினைவாற்றல் ஆண்டுதோறும் சோதிக்கப்பட்டது. இறந்தபின் தம் மூளையை ஆய்வுக்கு அளிக்கவும் அவர்கள் இசைந்தனர். உணவும் உறைவிடமும் வாழ்க்கை முறையும் அவர்களுக்குப் பெரிதும் ஒத்திருந்தமையால், ஒருவரை மற்றவரோடு ஒப்பிட்டு நோக்குதல் எளிதாயிற்று.

மடத்தில் சேர்ந்த காலத்தில், ஏறத்தாழ 22 வயதில், அவர்களுள் பலர் தம் வரலாற்றைச் சுருக்கமாக எழுதிக் கொடுத்திருந்தனர். அறுபது ஆண்டுகளுக்குப் பின் ஆராய்ச்சியாளர் அவற்றைப் படித்துப் பார்த்தனர். சிலருடைய வாக்கியங்களில் கருத்துகள் செறிந்திருந்தன. சிலருடையவற்றில் அவை அருகிக் காணப்பட்டன. கருத்துச் செறிவு குறைந்த எழுத்துக்கு உரியவர்களிடையே முதுமையில் நினைவுக் குறை மிகுதியாக இருந்தது.

மற்றொரு வியப்பும் உண்டு. 101 வயதில் மறைந்த ஒரு துறவியின் மூளையில் அல்சைமர் என்னும் மறதி நோயின் அடையாளங்கள் மிகுதியாகக் காணப்பட்டன. ஆனால், வாழ்நாளின் இறுதிக்காலத்திலும் அவர் சோதனைகளில் நன்கு விடையளித்தவர்! இஃது எவ்வாறு இயலும்? ஓர் ஊருக்கு ஒரே பாதை இருந்து, அது வெள்ளத்தால் அறுந்துவிட்டால் போக்குவரவு நின்றுவிடும். பல பாதைகள் இருந்தால், ஒன்று அடைபட்டாலும் வேறொன்றின் வழியே செல்லலாம். கல்வியும் சிந்தனையும் மூளையில் இத்தகைய பல பாதைகளை வளர்க்கின்றன என்று அறிஞர் விளக்குகின்றனர்.

நம் நாட்டிலும் இதற்கு ஒப்பான வாழ்க்கை ஒன்று உண்டு. இளமையில் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பாடம் கேட்டவர் உ. வே. சாமிநாதையர், பின்னர் வாழ்நாள் முழுவதும் ஏட்டுச்சுவடிகளை ஆராய்ந்தவர். அவர் தம் வரலாற்றை ‘ஆனந்த விகடன்’ இதழில் எழுதத் தொடங்கிய 1940இல் அவருக்கு வயது 85ஐ நெருங்கியிருந்தது. 1942இல் மறையும் காலம் வரை அது தொடர்ந்து வந்தது.

ஆனால் ஒன்றை மறத்தலாகாது. படிப்பு ஒரு காப்பேயன்றி, முழு மருந்து அன்று. பெரும் புலவர்க்கும் மறதி நோய் வரலாம். ஆதலால் மறக்கும் முதியவரைச் சோம்பியிருந்தவர் என்று இகழ்தல் பெரும் பிழை. இரத்த அழுத்தம், நீரிழிவு, செவிப்புலக் குறை, தனிமை ஆகியவையும் அறிவை மங்கச் செய்யக்கூடியவை. இவற்றுள் பலவற்றுக்கு மாற்று உண்டு. காது கேளாத பாட்டனார் வீட்டுப் பேச்சிலிருந்து மெல்ல மெல்ல விலகிவிடுகிறார். பேச்சு நின்றால் சிந்தனைக்கும் வேலை குறைகிறது. அவருக்குச் செவிக்கருவி வாங்கித் தருவதும், அருகில் அமர்ந்து பழைய செய்திகளைக் கேட்பதும், செய்தித்தாளைப் பற்றி உரையாடுவதும் அவருடைய அறிவுக்குச் செய்யும் உதவியாகும்.

ஆகவே மாணவர்களே, உங்கள் கடமை இருவகைப்படும். தேர்வு முடிந்ததும் நூலை மூடிவிடாமல், புதியன கற்று, சொந்த நடையில் எழுதிப் பழகுங்கள். அது பிற்காலத்திற்கு நீங்கள் சேர்த்துவைக்கும் பொருள். இன்று மாலையே வீட்டிலுள்ள முதியவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். அவர் விடை சொல்லி முடிக்கும் வரை பொறுமையுடன் காத்திருங்கள்.