மே மாதம்... வீடே பள்ளிக்கூடம்!

"பள்ளிக்கூடம் எப்ப திறப்பாங்க டாக்டர்?"

மே மாதம் பிறந்து பத்து நாள்கூட ஆகியிருக்காது. அதற்குள் தாய்மார்கள் இப்படிக் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். "வீட்ல வச்சு சமாளிக்க முடியல. ராத்திரி ஒரு மணி வரைக்கும் செல்போனு. காலைல பத்து மணிக்குத்தான் எந்திரிக்கான். இட்லியப் பாத்தாலே முகத்தத் திருப்புதான். மத்தியானம் தலவலிங்கான், சாயங்காலம் வயித்தவலிங்கான். எல்லாம் சூடுதான டாக்டர்?"

சூடுதான். ஆனால் வெயில் கொடுத்த சூடு பாதிதான். மீதிப் பாதி, நேரம் கெட்டதால் வந்தது!

சித்த மருத்துவத்தில் வளி, அழல், ஐயம் என்று மூன்றைச் சொல்கிறோம். நாள் முழுக்க இவை ஒரே அளவில் நிற்பதில்லை. நண்பகல், அழல் ஓங்கும் நேரம். சித்திரை, வைகாசி வெயிலில் கேட்கவே வேண்டாம். அந்த நேரத்தில் வெறும் வயிறு, முந்தின ராத்திரி தூக்கமில்லை, கண்ணுக்கு எதிரே செல்போன் வெளிச்சம்... அழல் ஏறாமல் என்ன செய்யும்? நீங்கள் நன்னாரி வாங்கிக் கொடுத்தாலும், நுங்கு வாங்கிக் கொடுத்தாலும் அது ஓட்டைப் பானையில் ஊற்றிய தண்ணீர்தான். அதனால் இந்த மாதத்தில் பிள்ளைகளுக்கு நான் முதலில் எழுதித் தருவது மருந்து அல்ல... டைம்டேபிள்!

"லீவுலகூட டைம்டேபிளா?" என்று பையன் அழுவான். அழட்டும்.

நான் வைத்தியம் பார்க்கும் பாளையங்கோட்டை, பள்ளிக்கூடங்களுக்குப் பேர்போன ஊர். 1820-இல் ரேனியஸ் என்ற மிஷனரி இங்கே வந்ததிலிருந்து பள்ளிகள் பெருகின. அவர் காலத்தில், 1826-இல் எழுந்த ஊசிக் கோபுர ஆலயம் இன்றைக்கும் ஊருக்கு அடையாளம். சுற்றிலும் கிறிஸ்தவக் குடும்பங்கள் நிறைய. அந்த வீடுகளில் பலவற்றில் நான் கவனித்த ஒரு விஷயத்தைத்தான் இன்று சொல்லப் போகிறேன். மதப் பிரசாரம் என்று நினைத்துவிடாதீர்கள். இது வைத்தியன் கண்ணில் பட்ட சமாசாரம்.

பள்ளிக்கூட மணி நின்றுபோன பிறகும் அந்த வீடுகளில் ஒரு மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. காலையில் எழுந்ததும் பிள்ளை ஒரு வசனம் மனப்பாடம் செய்து ஒப்பிக்க வேண்டும். மே மாதத்தில் பத்து நாள் வி.பி.எஸ். என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளிக்குப் போக வேண்டும். ராத்திரி எட்டு, எட்டரைக்கு அப்பா, அம்மா, பாட்டி எல்லோரும் பாயில் உட்கார்ந்து குடும்ப ஜெபம். இந்த மூன்றும் ஒழுங்காக நடக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்குத் தூக்கம் கெடுவது குறைவு. பசியும் நேரத்துக்கு வருகிறது. (எல்லா வீட்டிலும் அப்படி என்று சொல்ல மாட்டேன். ஜெபம் நடக்கும்போதே தலையணைக்கு அடியில் செல்போன் வைத்திருக்கிற கெட்டிக்காரர்களும் உண்டு!)

அமெரிக்காவில் பல கிறிஸ்தவக் குடும்பங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துப் படிக்க வைக்கிறார்கள். ஐம்பது மாநிலங்களிலும் சட்டம் அதற்கு இடம் தருகிறது. அவ்வளவு தூரம் நாம் போக வேண்டியதில்லை. ஆனால் இந்த ஒரு மாத காலம், விரும்பியோ விரும்பாமலோ நம் வீடும் பள்ளிக்கூடம்தான். வாத்தியார் யார்? நீங்கள்தான்!

தகரக் கொட்டகையும் கலர் ஜூஸும்

வி.பி.எஸ். எப்படிப் பிறந்தது தெரியுமா? 1898-இல் நியூயார்க்கில், கோடையில் தெருவில் சுற்றிக்கொண்டிருந்த ஏழைப் பிள்ளைகளைப் பார்த்த எலிசா ஹாஸ் என்ற பெண்மணி, ஒரு பீர்க்கடைக் கூடத்தை வாடகைக்குப் பிடித்து அவர்களை உட்கார வைத்துப் பாட்டும் கதையும் கைவேலையும் சொல்லிக் கொடுத்தார். வெயிலிலும் தெருவிலும் கெட்டுப் போகாமல் பிள்ளைகளைக் காப்பாற்றப் பிறந்த ஏற்பாடு அது. அதை நடத்துகிறவர்கள் கோபித்துக்கொள்ளாமல் நான் சொல்வதைக் கேட்க வேண்டும். பகல் ஒரு மணி வரை தகரக் கொட்டகைக்குக் கீழே இருநூறு பிள்ளைகளை நிறுத்தி ஆக்‌ஷன் பாட்டு பாட வைத்தால், பிறந்த நோக்கமே போச்சே! காலை ஏழரைக்கு ஆரம்பித்துப் பத்தரைக்கு முடித்துவிடுங்கள். தகரத்தின் மேல் தென்னங்கீற்று போடுங்கள். இடைவேளையில் தருகிற அந்தச் சிவப்புக் கலர் ஜூஸ் வேண்டவே வேண்டாம். ஒரு பங்கு தயிருக்கு நாலு பங்கு தண்ணீர், கொஞ்சம் உப்பு, கறிவேப்பிலை, இஞ்சி. நீர்மோர் அண்டாவுக்கு ஆகிற செலவு ஒன்றும் பெரிதில்லை.

உங்கள் பிள்ளை வேறு எந்த சம்மர் கேம்ப் போனாலும் இதேதான் கணக்கு. ஃபீஸ் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் எத்தனை மணிக்கு விடுவார்கள் என்று கேளுங்கள்.

அடுப்படிப் பாடம்

காலை ஆறு மணிக்குப் பிள்ளையை எழுப்புங்கள். முதல் இரண்டு நாள் முணுமுணுப்பான், மூன்றாம் நாள் பழகிவிடும். ஓட்டம், சைக்கிள், கிரிக்கெட் எல்லாம் எட்டரைக்குள் முடியட்டும். வந்ததும் ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்த பழைய சோறு, மோர், சின்ன வெங்காயம். "எங்க பிள்ளை பழையது சாப்பிட மாட்டான்" என்பார்கள். நீங்களும் உட்கார்ந்து ரசித்துச் சாப்பிட்டுக் காட்டியிருக்கிறீர்களா?

பிறகு அடுப்படிக்குக் கூப்பிடுங்கள். ஆண் பிள்ளையையும்தான்! ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீர், தலை தட்டிய டீஸ்பூனால் ஆறு ஸ்பூன் சர்க்கரை, அரை ஸ்பூன் உப்பு. இதை அவன் கையாலேயே அளந்து கலக்கச் சொல்லுங்கள். வயிற்றுப்போக்கு வந்தால் உயிர் காக்கிற தண்ணீர் இது. உப்பு கூடினால் ஆபத்து என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள். அளவு தவறாமல் செய்வதுதான் கணக்குப் பாடம். கடையில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கிடைத்தால் அதுவே முதல் தரம். வீட்டில் இரண்டு வாங்கி வைத்திருங்கள்.

அறிவியல் பாடம் இன்னும் சுலபம். சிறுநீர் என்ன நிறத்தில் போகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். வெளுத்த நிறம் என்றால் தண்ணீர் போதும். அடர் மஞ்சளாக இருந்தால் அவன் தண்ணீர் குடிக்கவில்லை. பத்து வயதுப் பையனுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள், நாள் முழுக்க வந்து ரிப்போர்ட் கொடுப்பான்!

மண்பானையில் வெட்டிவேர் போட்ட தண்ணீர், வெள்ளரிப் பிஞ்சு, தர்பூசணி, இளநீர் எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே. நுங்கைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. மேல் தோலை உரித்து எறிந்துவிட்டு வெள்ளையாகக் கொடுக்காதீர்கள். துவர்க்கும் அந்தத் தோலோடு சாப்பிடுவதுதான் முறை.

எண்ணெய் முழுக்கைத் தேரையர் நாலு நாளைக்கு ஒருமுறை என்று வகுத்தார். செவ்வாய், வெள்ளி என்று நாள் பார்க்கிறவர்கள் பார்க்கலாம், பார்க்காதவர்கள் வாரத்தில் ஏதோ இரண்டு நாள். நல்லெண்ணெயில் கொஞ்சம் சீரகம் போட்டுக் காய்ச்சித் தேய்த்து, அரை மணி கழித்து இளஞ்சூட்டுத் தண்ணீரில் குளிப்பாட்டுங்கள். காய்ச்சல், சளி இருந்தால் வேண்டாம். கைக்குழந்தைக்கு மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடவே கூடாது. முழுகிய அன்றைக்கு வெயிலில் அலைச்சல் கூடாது என்பதால், வி.பி.எஸ். போகிற நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள். பகல் தூக்கத்தையும் தேரையர் விலக்கியிருக்கிறார். அஞ்சு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு நான் விலக்குவதில்லை. பெரிய பிள்ளைகள் பதினொன்றிலிருந்து நாலு மணி வரை நிழலில் இருந்தால் போதும். தாயம், பல்லாங்குழி, கதைப் புத்தகம், பாட்டியிடம் பழைய கீர்த்தனை ராகம் கற்றுக்கொள்வது... எது வேண்டுமானாலும் நடக்கட்டும்.

மூக்கில் ரத்தம் வந்தால் தலையை அண்ணாந்து பார்க்க வைக்கிறோம் அல்லவா? அது தப்பு. உட்கார வைத்து, முன்பக்கம் லேசாகக் குனியச் சொல்லி, மூக்கின் மெத்தென்ற பகுதியைப் பத்து நிமிஷம் விடாமல் பிடித்திருங்கள். அடிக்கடி வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

பாட்டி வீட்டில்...

நாசரேத், மெய்ஞ்ஞானபுரம், சாயர்புரம் பக்கம் பாட்டி வீடு உள்ள பிள்ளைகள் கொடுத்து வைத்தவர்கள். விடியற்காலையில் பனையேறுகிறவரைப் பார்க்க அனுப்புங்கள். கலயத்தில் ஏன் சுண்ணாம்பு தடவுகிறார்கள், தடவாவிட்டால் பதநீர் எப்படிக் கள்ளாகப் புளிக்கிறது என்பதை எந்தப் பாடப் புத்தகமும் இவ்வளவு ருசியாகச் சொல்லித் தராது!

ஆனால் இரண்டு பயம் எனக்கு உண்டு.

ஒன்று அசனச் சோறு. மே மாதத்தில் ஊர் ஊராக அசனப் பண்டிகை. கூடிச் சமைத்து, ஊரே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் அந்த அழகைக் குறை சொல்ல மாட்டேன். வாளியில் வீட்டுக்கு வாங்கிப் போய், ராத்திரி வரை மூடி வைத்துச் சாப்பிடுகிறார்களே, அதைத்தான் சொல்கிறேன். இந்த வெயிலில் சூடான சோற்றை வாளியில் மூடி வைத்தால் நாலைந்து மணி நேரத்தில் கெட்டுவிடும். மறுநாள் காலையில் குடும்பமே வாந்தியும் பேதியுமாக என் வாசலில்! மத்தியானமே சாப்பிட்டுத் தீர்த்துவிடுங்கள்.

இன்னொன்று தண்ணீர். இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். வெயிலில் ஒரு பிள்ளை மயங்கினால் நமக்கு அவகாசம் இருக்கிறது, தண்ணீரில் மூழ்கினால் அந்த அவகாசம்கூடக் கிடையாது. கோடையில் தாமிரபரணி வற்றிக் கிடக்கிறது என்று நம்பி வெளியூர்ப் பிள்ளைகள் இறங்குகிறார்கள். மேலே முழங்கால் தண்ணீர், அடுத்த அடியில் மணல் அள்ளிய பள்ளம். மூழ்குகிற பிள்ளை சினிமாவில் காட்டுவது போலக் கத்தாது. சத்தமே இல்லாமல் போய்விடும். தம்பியைக் காப்பாற்றக் குதித்த அண்ணனும் சேர்ந்து போகிற கொடுமை வருஷா வருஷம் பத்திரிகையில் வருகிறது. பெரியவர் ஒருவர் கூடவே நின்று, செல்போனைப் பார்க்காமல், பிள்ளையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முடியாது என்றால் ஆற்றுக்கு அனுப்பாதீர்கள். நீச்சல் தெரிந்த மாமாவோ சித்தப்பாவோ இருந்தால், இந்த விடுமுறையில் அவரிடம் கற்றுக்கொள்ளட்டும். டியூஷனைவிட முக்கியமான படிப்பு அது!

எப்போது ஓட வேண்டும்?

தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அறிவித்தது. அவ்வளவு பெரிய விஷயத்தை நாம் "கொஞ்சம் சூடு" என்று விட்டுவிடக் கூடாது. வெயிலில் ஆடிய பிள்ளைக்குத் தலைசுற்றல், குமட்டல், கால் பிடிப்பு வந்தால் நிழலில் படுக்க வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக உப்புச் சர்க்கரை நீர் கொடுங்கள். ஆனால் உடம்பு 104 டிகிரிக்கு மேல் கொதித்து, பேச்சு குழறினாலோ, ஆளைத் தெரியாமல் விழித்தாலோ, வலிப்பு வந்தாலோ... உடனே 108. வண்டி வருவதற்குள் சட்டையைக் கழற்றி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஈரத்துணி வையுங்கள். நினைவில்லாத பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். காய்ச்சல் மாத்திரை இதற்குப் பலிக்காது. நாட்டு மருந்து, நான் கொடுக்கிற மருந்து உட்பட, எதுவும் அந்த நேரத்தில் வேண்டாம்.

ராத்திரி எட்டரை

செல்போனை எப்படிப் பிடுங்குவது? பிடுங்கினால் சண்டைதான் வரும். ஒரு நேரம் வையுங்கள். ஜெபம் சொல்கிற வீடு ஜெபத்துக்கு, விளக்கேற்றுகிற வீடு சாமி கும்பிட, எதுவுமே இல்லாத வீடு மொட்டை மாடியில் கதை பேச. எட்டரை மணி என்றால் எட்டரை மணி. எல்லோருடைய போனும் அலமாரியில். எல்லோருடையதும் என்றால் அப்பாவுடையதும் சேர்த்துத்தான்! இங்கேதான் பல வீட்டில் திட்டம் கவிழ்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல், இரண்டிலிருந்து நாலு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது, அதற்கும் குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்றது. பெரிய பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். சாப்பிடும்போதும் படுக்கையிலும் வேண்டாம். ஒன்பதரைக்கு விளக்கு அணையட்டும்.

பிள்ளை ஏற்கெனவே ஒரு மணிக்குத் தூங்கிப் பழகிவிட்டானா? ஒரே நாளில் இழுக்க முடியாது. இரண்டு நாளைக்கு ஒருமுறை அரை மணி முன்னால் எழுப்பி, அரை மணி முன்னால் படுக்க வையுங்கள். பதினைந்து நாளில் சரியாகிவிடும். மே 15 தேதிக்கு ஆரம்பித்தால் பள்ளி திறக்கும்போது தயாராக இருப்பான். 2023-இல் நடந்ததுபோல வெயிலால் பள்ளி திறப்பு ஜூன் 12, 14 என்று தள்ளிப் போனாலும், அவன் படுக்கிற நேரத்தை மட்டும் நீங்கள் தள்ளிப் போடாதீர்கள்.