கோமேதகம்: கல்லா, கண்ணாடியா?



முதல் செமஸ்டரில் எனக்குக் கணக்கில் அரியர் விழுந்தது. பீர்க்கன்கரணையில் கொத்தனார் வேலை பார்க்கும் எங்கப்பா ஜோசியரிடம் ஓடினார். "ராகு சரியில்லை, கோமேதகம் போடுங்க" என்றாராம். இரண்டு வாரக் கூலியைக் கொடுத்து ஒரு மோதிரம் வாங்கி வந்தார். எங்கள் குடும்பத்தில் முதலில் படிக்க வந்தவன் நான்தான்; அந்தக் கவலை அவருக்கு. அந்தக் கல்லைப் பற்றிப் படித்துத் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

கோமேதகம், கார்னெட் என்னும் கனிமக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதிலும் கால்சியமும் அலுமினியமும் கலந்த சிலிக்கேட்டான 'கிராசுலர்' வகை. சுத்தமான கிராசுலருக்கு நிறமே கிடையாது. சிறிது இரும்பும் மாங்கனீசும் சேர்ந்தால் தேன் நிறமோ ஆரஞ்சு நிறமோ வரும், அதுதான் கோமேதகம். வனேடியமோ குரோமியமோ சேர்ந்தால் பச்சை. அது 1967-ல் தான்சானியாவில் கண்டுபிடிக்கப்பட்ட 'சாவொரைட்'. கால்சியத்தின் இடத்தில் மாங்கனீசே இருந்தால் 'ஸ்பெசார்டைன்' என்ற இன்னொரு ஆரஞ்சுக் கல். நமீபியாவில் 1990-களில் கிடைத்த அந்த வகைக்கு 'மாண்டரின் கார்னெட்' என்று பெயர்.

சுண்ணாம்புப் பாறை பூமிக்குள் கடும் வெப்பத்தில் மாறும்போது கோமேதகம் உண்டாகிறது. இலங்கையின் இரத்தினபுரியில் குழி தோண்டி, 'இல்லம்' எனப்படும் சரளை மண்ணைக் கூடையில் அலசிப் பொறுக்குகிறார்கள். இந்தியாவில் ஒடிசாவில் கிடைக்கிறது. திருநெல்வேலிக் கடற்கரையின் செம்மணலும் கார்னெட்தான். ஆனால் வேறு வகை. அது உப்புத்தாளுக்கும் உலோகம் அறுக்கவும் பயன்படும் வகை!

சரி, அசலா போலியா என்று எப்படிப் பார்ப்பது? நம் ஆர்க்கிமிடீஸ் தத்துவம் போதும். கோமேதகத்தின் ஒப்படர்த்தி சுமார் 3.65. சாதாரணக் கண்ணாடிக்கு 2.5. மோதிரத்திலிருந்து கல்லைக் கழற்றி லேப் தராசில் வைத்தேன்: 1.25 கிராம். நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டால் 0.75. குறைந்த எடை 0.50. வகுத்தால் 2.5! அசலாக இருந்தால் 0.34 கிராம்தான் குறைந்திருக்கும். ஈயம் கலந்த கனமான கண்ணாடியும் உண்டு என்பதால் லென்ஸிலும் பார்த்தேன். அசல் கோமேதகத்துக்குள் சர்க்கரைப்பாகைக் கலக்கினாற்போல நெளிவு தெரியும். எங்கள் கல்லில் உருண்டையான காற்றுக்குமிழிகள்தான் இருந்தன.

அப்பாவிடம் சொல்லத் தயக்கமாக இருந்தது. சொன்னேன். கல்லை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் கேட்டார்: "சரிடா, அந்தக் கணக்குப் பரீட்சை எப்போ?"

நண்பர்களே, கல் வாங்குமுன் தராசில் வையுங்கள். அரியரை நாம்தான் எழுத வேண்டும்!

— இரண்டாமாண்டு மாணவன், இயந்திரவியல் துறை