தாத்தா காலத்து ரிவால்வரை வீட்டிலேயே பாலிஷ் போடலாமா? துருவைவிடப் பெரிய சிக்கல் சட்டத்தில்!

தூத்துக்குடியில் கேட், கிரில், பைக் சைலன்சர் எதுவுமே சீக்கிரம் துருப்பிடித்துவிடும். உப்பளமும் கடலும் சேர்ந்து தரும் காற்று அப்படி. அந்தக் காற்றில் பரண் மேல் நூறு வருஷமாகக் கிடந்த ஒரு மரப்பெட்டி, அதற்குள் பச்சைக் கம்பளித் துணியில் படுத்திருக்கும் ஒரு ரிவால்வர். ஆங்கிலேய வியாபாரிகளும் அதிகாரிகளும் புழங்கிய பழைய துறைமுக ஊரில் இப்படி ஒன்று கைக்குக் கிடைத்தால் என்ன செய்வார்கள்? பெரும்பாலும் உப்புத்தாளும் எண்ணெயும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதலில் செய்ய வேண்டியது

தொடாமல் இருப்பதுதான். கருமருந்து ஈரம் படாமல் இருந்தால் நூறு வருஷம் கழித்தும் வெடிக்கும். உருளைக்குள் குண்டு இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பது, விசையை இழுத்துப் பார்ப்பது இரண்டும் ஆபத்து. அப்படியே வைத்துவிட்டு பக்கத்து காவல் நிலையத்துக்கு போனில் சொல்லி, அவர்களையே வந்து பார்க்கச் சொல்வது நல்லது. பையில் போட்டு பஸ்ஸில் எடுத்துக்கொண்டு போக வேண்டாம். உரிமம் இல்லாமல் துப்பாக்கியைக் கொண்டுபோவதே தனிக் குற்றம்.

'ஓடாத துப்பாக்கிதானே?'

இந்தியாவில் துப்பாக்கி வைத்திருக்க 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். மாவட்டங்களில் இதை வழங்குபவர் கலெக்டர். ஆனால் இதே சட்டத்தின் 45-வது பிரிவு ஒரு விலக்கு தருகிறது. வழக்கொழிந்த, பழமை மதிப்புள்ள அல்லது பழுதான ஆயுதமாக இருந்து, பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் துப்பாக்கியாகப் பயன்படுத்தவே முடியாது என்றால் அதை வைத்திருக்க உரிமம் தேவையில்லை.

'பழுது பார்த்தாலும்' என்ற சொல்தான் இங்கே முக்கியம். துருப்பிடித்து இறுகிப்போன ரிவால்வரைக் கழற்றி, ஸ்பிரிங் மாற்றி, உருளை சுற்றும்படி செய்துவிட்டால், அது பயன்படுத்தக்கூடிய ஆயுதம் என்று நீங்களே நிரூபித்துவிட்டீர்கள். விலக்கு போய்விடும். அதோடு, உரிமம் இல்லாமல் துப்பாக்கியைப் பழுது பார்ப்பதும், செயல்படாததைச் செயல்பட வைப்பதும் 5-வது பிரிவை மீறும் குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு இதற்கான தண்டனை குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். யூடியூப் வீடியோ பார்த்து ஞாயிற்றுக்கிழமை செய்யும் வேலைக்கு இது ரொம்பப் பெரிய விலை.

2020 பிப்ரவரியில் மத்திய உள்துறை விதியைக் கொஞ்சம் தளர்த்தியது உண்மை. 'க்யூரியோ' எனப்படும் அரும்பொருள் வகைத் துப்பாக்கியை இந்தியக் குடிமக்கள் வைத்திருக்க உரிமம் தேவையில்லை. ஆனால் அதைப் பயன்படுத்தவோ, வெளியே எடுத்துச் செல்லவோ உரிமம் வேண்டும். அதாவது, பட்டறைக்குக் கொண்டுபோவதற்கும் அனுமதி வேண்டும். 'நம்ம தாத்தாவோடது, பழசுதான்' என்று வீட்டிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டாம். அதிகாரியிடம் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

உரிமம் வைத்திருந்த தாத்தா இறந்துபோயிருந்தால்? துப்பாக்கியைத் தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். வாரிசு தன் பெயரில் உரிமம் வாங்கித் திரும்பப் பெறலாம். ஆனால் வாரிசுரிமையாக வந்தாலும் ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான் வரம்பு.

இந்த மண்ணுக்குப் பழைய கதை

பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்த 1801-ம் ஆண்டு டிசம்பரிலேயே, பாளையக்காரர் சீமையில் ஆயுதங்களை ஒப்படைக்கவும் கோட்டைகளை இடிக்கவும் கும்பெனி அரசு பிரகடனம் போட்டது. 1878-ம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்தியருக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கி, ஐரோப்பியருக்கு விலக்கு தந்தது. அந்தச் சட்டம் அமலில் இருந்தபோதுதான், 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் சந்திப்பில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டார். பலர் அதை ரிவால்வர் என்று சொல்கிறார்கள். உண்மையில் அது பெல்ஜியத்தில் தயாரான பிரவுனிங் பிஸ்டல். சுழலும் உருளையில் குண்டு நிரப்பினால் ரிவால்வர். பிரவுனிங் வகையில் கைப்பிடிக்குள் இருக்கும் மேகசினில் குண்டு இருக்கும். சட்டத்துக்கு இரண்டும் துப்பாக்கிதான்.

துருவை ஏன் சுரண்டக் கூடாது?

பழைய ரிவால்வரின் கருநீல நிறம் பெயின்ட் அல்ல. இரும்பின் மேல் வேண்டுமென்றே உருவாக்கிய மெல்லிய ஆக்சைடு படலம். உப்புத்தாள் போட்டால் துருவோடு அதுவும் போகும். கடலோரத் துருவில் இன்னொரு தொந்தரவு: உப்பு அடியில் தங்கிவிடும். மேலே பளபளவென்று ஆக்கினாலும் அடுத்த மழைக்காலத்தில் அதே இடத்தில் மறுபடி துரு பூக்கும்.

தேய்த்ததில் வரிசை எண்ணும் தயாரிப்பாளர் முத்திரையும் அழிந்தால் பொருளின் மதிப்பு மட்டும் போவதில்லை. அடையாளக் குறியை அழிப்பது 8-வது பிரிவின்படி குற்றம். அழிந்த எண்ணோடு துப்பாக்கி யாரிடம் இருக்கிறதோ, அவர்தான் அழித்தார் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது அவர் பொறுப்பு.

பெட்டியை என்ன செய்யலாம்?

துப்பாக்கியையும் வெடிமருந்தையும் காவல் துறை எடுத்த பிறகு, பெட்டியில் வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை கொஞ்சம் இருக்கிறது. ஆங்கிலேயப் பெட்டிகள் பெரும்பாலும் ஓக் அல்லது மஹாகனி மரம். உள்ளே தடுப்புத் தடுப்பாக குண்டு வார்க்கும் அச்சு, மருந்துக் குடுவை, சாவி என ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம். மூடியின் உட்புறத்தில் கடைக்காரரின் லேபிள் இருக்கலாம். கொல்கத்தா மேன்டன் போன்ற கடைகளின் பெயர் அதில் இருந்தால், காலத்தைக் கணிக்க அதுவே நல்ல சாட்சி.

மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும். வார்னிஷ் வேண்டாம். தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது; சிக்குப் பிடித்து, தூசியைச் சேர்த்துக்கொள்ளும். குத்துவிளக்குக்குப் போடுவதுபோல பித்தளைக் குடுவைக்குப் புளி போட்டால், பழைய மேற்பரப்பு போய்விடும். மூட்டுகள் விட்டிருந்தால் ஃபெவிகால் ஊற்ற வேண்டாம். அந்தக் காலத்து வஜ்ஜிரப் பசை வெந்நீரில் இளகும் என்பதால், பிறகு பிரித்துச் சரிசெய்ய முடியும். பெட்டிக்குள் வெள்ளைப் பொடி தெரிந்தால் வெறும் கையால் துடைக்காதீர்கள். ஓக் மரம் வெளியிடும் அமில ஆவியில் ஈயக் குண்டுகள் அரித்து அப்படிப் பொடியும். அது விஷம்.

அதற்கு மேல் உள்ள வேலைக்கு சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் கேட்டுப் பார்க்கலாம். அங்கே பழைய ஆயுதங்களும், 1930-களிலிருந்து செயல்படும் வேதியியல் பாதுகாப்புக் கூடமும் உள்ளன.

வெளிநாட்டில் இருக்கும் மகனுக்குப் பெட்டியை மட்டுமாவது அனுப்பலாமே என்று நினைத்தால், அதற்கும் தடை இருக்கலாம். 100 ஆண்டு கடந்த கலைப்பொருள்களைத் தனிநபர் ஏற்றுமதி செய்ய 1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டம் அனுமதிப்பதில்லை.